இல்லாத சர்க்கரைக்கு எட்டுச் சர்க்கரை

மார்ச் 3, திங்கள்

இந்த டைரியை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். கிட்னி கொடுக்க முன்வருகிற எல்லாருக்கும் ஒன்று கொடுப்பார்களாம். "மனசுல என்ன வருதோ அதை அப்படியே எழுதுங்க சார், நாங்க வாங்கிப் படிக்க மாட்டோம்" என்றார் கவுன்சலிங் மேடம் பிரிசில்லா. படிக்க ஆளில்லாததை எதற்கு எழுதுவது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலே நான் கொஞ்சம் மரியாதைக்காரன் ஆகிவிடுகிறேன்.

சென்னியப்பன் ஆகிய நான் ஈரோட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லுவது என் தொழில். என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருப்பதால் சொல்ல முடிகிறது.

தங்கச்சி சுலோசனாவுக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய் மூன்று வருசமாக டயாலிசிஸ். அவள் வீட்டுக்காரர் தியாகுவின் ரத்தம் அவளுக்குச் சேராது. போன மாதம் பெருந்துறையில் அவர்கள் வீட்டில் சொந்தமெல்லாம் கூடி, அடுத்து யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, "நான் இருக்கேன்ல!" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். சொன்னது வாய் மட்டும்தான். மற்ற உறுப்புகளை அது ஒரு வார்த்தை கலந்துகொள்ளவில்லை.

மார்ச் 6, வியாழன்

கோயமுத்தூரில் குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள். கண்ணை இறுக்கி மூடி "அம்மா!" என்றேன். "சார், இன்னும் குத்தவே இல்லீங்க" என்றாள் நர்ஸ்.

டாக்டர் நன்றாகப் பேசுகிற மனிதர். "உங்களுக்கும் ஓ, உங்க தங்கச்சிக்கும் ஓ. ஏ, பின்னு குரூப் சொல்றோமே, அது என்னன்னு நினைக்கறீங்க? ரத்த அணு மேல ஒட்டியிருக்கற சர்க்கரைதான். ஒரு சர்க்கரை மாறினா குரூப்பே மாறிடும். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே சர்க்கரை" என்றார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்தச் சர்க்கரைக்கு ஏதாவது தனியாகச் சாப்பிட வேண்டுமா என்று கேட்டேன். "சோறு, பருப்பு, கீரை, பழம், இது போதும். ஒரு சர்க்கரையை இன்னொண்ணா மாத்திக்க உடம்புக்கே தெரியும்" என்றார்.

அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று, "எனக்குச் சுகர் கிகர் ஏதாச்சும் இருக்குங்களா டாக்டர்?" என்றேன்.

"சுத்தமா இல்ல. கிட்னி ரெண்டும் இளவட்டம் மாதிரி இருக்கு."

மிகவும் சந்தோஷம். அப்படித்தான் எழுத வேண்டும்.

மார்ச் 12, புதன்

பிரிசில்லா மேடம் என்னைத் தனியாக உட்காரவைத்து, கதவைச் சாத்தினார்.

"வீட்ல யாராவது கட்டாயப்படுத்தறாங்களா சார்?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க."

"மனசு இல்லேன்னா இப்பவே சொல்லிடலாம். 'இவர் கொடுக்க முடியாது'ன்னு மட்டும் வெளில சொல்லுவோம். ஏன்னு சொல்ல மாட்டோம். உங்க தங்கச்சிகிட்டயும் சொல்ல மாட்டோம்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முக்கியம். அப்படி நிறையப் பேர் சொல்லுவார்களா என்று பொது அறிவுக்காகக் கேட்டேன். "சொல்லுவாங்க. அது தப்பே இல்ல" என்றார். மேசை மேலிருந்த தண்ணீரைக் குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு அதையும் குடித்தேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஃபாரத்தில் 'கொடுக்க முடியாது' என்று எழுதினார். நான் தடுக்கவில்லை.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். "என்னங்க மச்சான் சொன்னாங்க?" என்றார் தியாகு.

"கொடுக்க முடியாதாம் மாப்பிள்ளை."

"ஏனுங்க மச்சான்?"

கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டில் சுலோ இருந்தாள். ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்பதை நான் யோசித்தே வைக்கவில்லை. வாய்க்கு வந்தது, "சுகராம்." ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற வியாதி, அதனால் யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

சுலோ பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள். ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்துப்போன கை. "அய்யோ, அண்ணனுக்குச் சுகரா! நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதண்ணா. உன்ற உடம்பை முதல்ல பாரு" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

ஊரில் பாதிப் பேருக்கு அந்த வியாதி என்றால், மீதிப் பாதிப் பேரிடம் அதற்கு மருந்து இருக்கிறது. இதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

என் மனைவி மகேஸ்வரி வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றையும் தன் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். காலையில் வெந்தயத் தண்ணீர், மத்தியானம் பாகற்காய், ராத்திரி கோதுமை தோசை. "ஏனுங்க, ஒரு வாய் சோறு கூடுனாலும் உங்களுக்குத்தான் கேடு" என்று தட்டைப் பிடுங்குகிறாள். சுலோ தினமும் போன் செய்து என்ன சாப்பிட்டேன் என்று கேட்கிறாள். அளந்து தண்ணீர் குடிக்கிறவள், வாழைப்பழத்தைத் தொடக்கூடாதவள், எனக்குப் பத்தியம் சொல்கிறாள்! "அண்ணா, மாம்பழ சீசன் வருது, பாத்து இருந்துக்க" என்றாள். சரி என்றேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் குழந்தைவேலு ஒரு டப்பாவோடு வந்தான். போன வருசம் தண்ணீர் சுத்தம் செய்கிற மெசின் விற்றான். இப்போது பொடி. எட்டுவிதமான தாவரச் சர்க்கரையாம். கற்றாழை, காளான், ஏதோ மரத்துப் பிசின் என்று அடுக்கினான்.

"சென்னியண்ணா, ஒரு செல்லு இன்னொரு செல்லுகூடப் பேசறதே சர்க்கரையிலதானுங்க. இப்பத்திச் சாப்பாட்டுல அந்தச் சர்க்கரை இல்ல. அதான் செல்லு ஊமையாகி, சுகரு, கிட்னி, கேன்சரு எல்லாம் வருது. இந்த எட்டையும் உள்ள அனுப்புனம்னா செல்லு பேச ஆரம்பிச்சுருமுங்க!"

டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. செல் மேல் சர்க்கரை இருப்பது நிஜம். அதை உடம்பே செய்துகொள்கிறது என்பதும் நிஜம். முதல் பாதியை மட்டும் எடுத்து டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். எடுத்துச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று மகேசு கேட்டால் என்ன செய்வது? பொடியைக் கரைத்துக் குடித்தேன். ஊறவைத்த அட்டைப்பெட்டி போல் இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

மகேசு தன் அக்காளிடமிருந்து சுகர் பார்க்கிற மெசினை வாங்கிவந்துவிட்டாள். விரலைக் குத்தினாள். அலறினேன். மெசின் தொண்ணூற்றாறு என்று காட்டியது.

"ஏனுங்க! நார்மலுங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து குழந்தைவேலு ஓடிவந்தான். "நாலே நாள்ல செல்லு பேச ஆரம்பிச்சுருச்சுங்கண்ணா!" என்று என்னைக் கட்டிப்பிடித்தான்.

மார்ச் 24, திங்கள்

சுகர் கொஞ்சம் ஏறினால் இந்தக் கூத்து அடங்கும் என்று, ஸ்டியரிங் பிடிக்கப் பழகிய பெண்ணைச் சீக்கிரம் இறக்கிவிட்டு, பேருந்து நிலையத்துப் பக்கம் போய் நின்றபடியே ஜாங்கிரி தின்றேன். ஒன்றோடு நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து நானே விரலை நீட்டினேன். நூற்றிப் பதினெட்டு.

"சாப்ட்டதுக்கு அப்பறமும் இவ்வளவுதானா! நல்லா கேக்குதுங்க" என்று மகேசு இன்னொரு டப்பாவுக்குச் சொல்லிவிட்டாள். என் கணையத்தைப்போல ஒழுங்காக வேலை செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அதற்கு மேல்மாடியில் இருக்கிறவன்தான் சரியில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

குழந்தைவேலு விடவில்லை. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பொடி விற்கிறவர்கள் கூட்டம். மேடை, மாலை, கோட்டுப் போட்ட ஒருவர். "இப்ப நம்ம சென்னியப்பண்ணன் சாட்சி சொல்லுவாருங்க" என்று என்னை ஏற்றிவிட்டார்கள்.

நான் பேசியது இரண்டே வாக்கியம். "சுகர்னாங்க. இப்ப நார்மலா இருக்குதுங்க." இரண்டாவது வாக்கியம் உண்மை. கைதட்டல் நிற்கவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாளாக யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்க முடியாமல் இருந்தவனுக்கு அத்தனை பேர் சிரித்த முகத்தோடு தலையாட்டினால் வேறென்ன செய்யும்?

யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

ஏப்ரல் 9, புதன்

படம் பெருந்துறை போய்ச் சேர்ந்துவிட்டது. நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுலோ கூப்பிட்டாள். இவ்வளவு உற்சாகமான குரலை மூன்று வருசமாகக் கேட்டதில்லை.

"அண்ணா, வீடியோ பாத்தேன். உன்ற சுகரையே போக்கிருச்சே, என்ற கிட்னிக்குக் கேக்காதா? தாவரச் சர்க்கரைதானே, என்ன பண்ணிரும்? ரெண்டு டப்பா வாங்கியாச்சு."

"டாக்டரைக் கேட்டுக்க சுலோ."

"அவர் வேண்டாம்பாரு. நீ சொல்லு. உனக்கு நெசமாவே கேட்டுதுல்ல?"

வண்டி ஓட்டப் பழகியவர் லாரியை ஒட்டிப் போனார். என் காலடி பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினேன். போனில் சுலோ, "சொல்லுண்ணா" என்றாள்.

"கேட்டுது" என்றேன்.

பொடிதானே, உடம்பைக் கெடுத்துவிடாது. தெம்புக்குக் குடிக்கட்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

தியாகு கூப்பிட்டார். சுலோவுக்கு மூச்சு வாங்குகிறதாம். கிளம்புகிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

உயிர் இருக்கிறது. முதலில் அதை எழுதிக்கொள்கிறேன்.

பொடி குடிக்க ஆரம்பித்ததும் சுலோவுக்குத் தெம்பு வந்த மாதிரி இருந்திருக்கிறது. இரண்டு முறை டயாலிசிஸ் போகாமல் இருந்து பார்க்கலாம் என்று அவளே முடிவெடுத்திருக்கிறாள். தியாகுவும் சம்மதித்திருக்கிறார். "மச்சானே மேடையில சொன்னாரேன்னுதானுங்க விட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நுரையீரலில் நீர் கோத்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் நிற்கப் பார்த்திருக்கிறது. டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "செடியில இருந்து வந்தா சாதுன்னு யார் சொன்னது? கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு இதுல இருக்கற பொட்டாசியமே விஷம்" என்று கத்தினார். தியாகுவைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தியாகு வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள்.

"சுலோ, எனக்குச் சுகர் இல்ல."

"அதான் போயிருச்சேண்ணா."

"போகல. வந்ததே இல்ல. ஆபரேசனுக்குப் பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். எச்சில் துப்பினாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப அந்தப் பொடி வேலை செய்யாதா?" என்று கேட்டாள்.

"செய்யாது."

"தினமும் காலைல குடிக்கறப்ப, உள்ள ஏதோ சரியாகறாப்பலயே இருந்துச்சுண்ணா" என்றாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கப் போனேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். "போயிரு" என்றாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். காவலாளி, இங்கே சத்தம் போடக்கூடாது என்றான்.

ஏப்ரல் 23, புதன்

மகேசுவிடம் சொன்னேன். அக்காள் வீட்டுக்குப் போய்ச் சர்க்கரையைத் திரும்ப வாங்கிவந்தாள். காபியில் அதை அள்ளிப் போட்டு, டம்ளரை என் முன்னால் நங்கென்று வைத்தாள். பாகில் நாக்கை விட்டதுபோல் இருந்தது. முழுவதும் குடித்தேன். அப்புறம் தியாகுவுக்குப் போன் செய்து, டாக்டர் திட்டியது எனக்குச் சேர வேண்டியது என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

கோயமுத்தூர் போய் பிரிசில்லா மேடத்தைப் பார்த்தேன்.

"இப்ப யார் சார் கட்டாயப்படுத்தறாங்க?"

"யாருமில்லீங்க. யாரும் என்கூடப் பேசறதே இல்லீங்க."

"பயம் போயிருச்சா?"

"இல்லீங்க மேடம். ஜாஸ்தியாத்தான் இருக்குது."

"போயிருச்சுன்னு சொல்லியிருந்தா இன்னொரு நாள் வாங்கன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். மறுபடி எல்லா டெஸ்டும் எடுக்க வேண்டுமாம். எடுத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் கொடுக்கிறவன் மட்டும் சரி என்றால் போதாது, வாங்கிக்கொள்கிறவளும் சரி சொல்ல வேண்டும் என்றார்.

சுலோ மாட்டேன் என்கிறாளாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெருந்துறை போனேன். வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் வீங்கியிருக்கிறது. தியாகு கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"பயந்தாங்கொள்ளி கிட்னி எனக்கு எதுக்கு? உள்ள வந்தும் ஒளிஞ்சுக்கும்" என்றாள். கேலி பேசுகிறாளே என்று உயிர் வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"நான் இப்பவும் பயந்துக்கிட்டுதான் இருக்கேன், சுலோ."

"அப்பறம் ஏன் தர்றே? பாவத்தைக் கழுவறதுக்கா?"

"நீ செத்துப் போயிருவேன்னு அன்னைக்கு நெனச்சேன். எனக்கு அதைத் தாங்க முடியல. அதைவிட இந்தக் கத்தி தேவலாம்."

"எங்கூட டயாலிசிஸ் வர்ற அம்மா ஒருத்தங்க இன்சுலினை நிறுத்திட்டு அந்தப் பொடிதான் குடிக்கறாங்க. உன்ற வீடியோவைப் பாத்துட்டு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள். "எந்த மேடையில சொன்னியோ அதே மேடையில, அதே மைக்குல போய்ச் சொல்லிட்டு வா. அதுக்கப்பறம் கையெழுத்துப் போடறேன். அந்தம்மாவையும் கூட்டிட்டு நானும் வருவேன்."

கிட்னியை எடுத்துக்கொள்வதாக இருந்தால் மயக்க மருந்தாவது தருவார்கள். இதற்கு அதுவும் கிடையாது.

மே 4, ஞாயிறு

அதே கல்யாண மண்டபம். குழந்தைவேலுவிடம் இன்னொரு சாட்சி சொல்கிறேன் என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. அவனும் அந்தப் பொடியைத்தான் குடிக்கிறான், அவன் பெண்டாட்டியும் குடிக்கிறாள், நம்பித்தான் விற்கிறான். அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. அவனைத் தனியாகக் கூப்பிட்டு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மேடை கிடைக்காது என்று சொல்லவில்லை.

முன்வரிசையில் சுலோ முகக்கவசம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அவளோடு டயாலிசிஸ் வருகிற அந்த அம்மா, வயதானவர்; இன்னொரு பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்திருந்தாள். கடைசி வரிசையில் மகேசு.

மைக்கைப் பிடித்தேன்.

"எனக்குச் சுகரு வந்ததே இல்லீங்க. என்ற தங்கச்சிக்குக் கிட்னி கொடுக்கப் பயந்துக்கிட்டு, சுகருன்னு பொய் சொன்னேனுங்க. இல்லாத வியாதியைத்தான் இந்தப் பொடி போக்குச்சுங்க. செல்லுக்குச் சர்க்கரை வேணுங்கறது நெசம். அதை நாம திங்கற சோத்துல இருந்தும் கீரையில இருந்தும் உடம்பே பண்ணிக்குதுங்க, டப்பா வேண்டியதில்ல. என் பேச்சைக் கேட்டு என்ற தங்கச்சியே சாகப் பாத்தா. யாராச்சும் மாத்திரையை நிறுத்தியிருந்தீங்கன்னா..."

அதற்குள் கோட்டுக்காரர் மைக்கை அணைத்துவிட்டார். நான் விடவில்லை. காருக்குள் கற்றுக்கொண்ட குரல் எனக்கு இருக்கிறது. "மாத்திரையை இன்னைக்கே மறுபடி போடுங்க! சாயங்காலமே டாக்டரைப் போய்ப் பாருங்க!" என்று கத்தினேன். ஒருவர் "குடிச்சுட்டு வந்திருக்கான்" என்றார். இன்னொருவர் செருப்பைக் கழற்றுவதாகச் சொன்னார். குழந்தைவேலு மேடை ஓரத்தில் நின்று, "ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

அந்த வயதான அம்மா மட்டும் எழுந்து, "அப்ப நான் ஊசியைப் போட்டுக்கறதா, வேண்டாமா? ஒழுங்கா ஒண்ணைச் சொல்லு தம்பி" என்றார்.

"போட்டுக்கோங்கம்மா. இன்னைக்கே டாக்டரைப் பாத்துட்டுப் போட்டுக்கோங்க."

படியிறங்கினேன். கைதட்ட ஆளில்லை. இருந்த இருபது வரிசையும் என்னைப் பார்க்காமல் பார்த்தது. எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. சுலோ பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

"ஆபரேசனுக்கு இன்னும் பயமா இருக்காண்ணா?"

"இருக்கு."

மூன்று வருசமாக ஒவ்வொரு முறை ஊசிக்குப் போகும்போதும் அவளிடம் பயப்படாதே, பயப்படாதே என்று நான்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவளும் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே போயிருக்கிறாள்.

"எனக்கும்" என்றாள்.